சிவகாமிக்குப் பேச்சு வந்த தீவு

காஜா பெராங், மலாக்கா
19-10-1958

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பா, விஜயா, நான் மூன்று பேரும் மாரியம்மன் துணையில் சுகமாக இருக்கிறோம், அங்கே பினாங்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல் நல்லபடி இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மலாய் வாய்மொழிப் பரீட்சையில் இந்தத் தடவை தேறிவிட்டேன் என்று நீ எழுதியதை உன் தங்கை சத்தமாக வாசித்தாள், நான் அடுப்பில் இருந்த ரசத்தை மறந்து நின்றுவிட்டேன், அது பொங்கி விறகையே அணைத்துவிட்டது. அன்றைக்கு வெறும் மோர்ச் சோறுதான், ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்துவிட்டு அப்பா அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை என்று விஜயா வாசித்ததுமே அவர் முகத்தைப் பார்த்தேன், முதல் தடவை நீ தவறியதை நான் அவரிடம் சொல்லவே இல்லையே. என்ன கேட்கப்போகிறாரோ என்று நின்றேன். அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, அது எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும் அஞ்சலை என்றார். நீ லீவில் வருவதற்கு நாலு நாள் முன்பே உன் வாத்தியார் பயிற்சிக் கல்லூரியிலிருந்து அவர் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது, உங்கள் மகள் மலாய் பேச்சில் தவறிவிட்டாள், செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் படிப்பைத் தொடர முடியாது என்று. தபால்காரரிடம் தெருவிலேயே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர் மறுநாள் போய் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சலில் படுத்தால் ஒழிய லீவு எடுக்காத மனுஷன், பக்கத்து வீட்டு சீதா அக்காவிடம் விசாரித்து பூலாவ் பெசார் தீவில் குடிசை பிடித்திருக்கிறேன், எல்லோரும் ஐந்து நாள் போய் இருந்துவிட்டு வருவோம் என்றபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், அங்கே மலாய் தவிர வேறு பேச்சே கிடையாதே. என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் அவள் போகவே மாட்டாள் என்றார். அவ்வளவுதான் பேச்சு, பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டார். இப்படி ஒருத்தரை உனக்கு அப்பாவாகவும் எனக்குத் துணையாகவும் கொடுத்ததற்கு சாமிக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் போதாது.

நானும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் கண்ணு. ரயிலை விட்டு நீ தம்பினில் இறங்கியபோது மெத்தையைக்கூடச் சுருட்டிக் கட்டி எடுத்து வந்திருந்தாய், எனக்கு அப்போதே சந்தேகம். தீவில் இரண்டாம் நாள் கிணற்றடியில் துணி அலசும்போதுதான் வாயைத் திறந்தாய். பரீட்சைக்காரர் கேட்ட கேள்வி புரிந்தும் பதில் வரவில்லை, பின்னால் காத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள், இனி அங்கே போக மாட்டேன் என்றாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தேன். கவலையில் பேசாமல் இருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய், அது முழு உண்மை இல்லை. பிள்ளை இனி நம்மோடேயே இருந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்றவளே இப்படி நினைக்கலாமா என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன், மனசு லேசாயிற்று.

அன்று சாயந்திரம் குழம்புக்குத் தேங்காய் இல்லாமல் போனதும் நல்லதுக்குத்தான். எனக்கு மலாய் வந்தது சீதா அக்காவிடமிருந்து, அவர்கள் பல தலைமுறையாக மலாக்காவில் இருப்பவர்கள், நம் சாமியைக் கும்பிட்டாலும் வீட்டில் பேசுவது மலாய்தானே. அது சமையல்கட்டு மலாய், இலக்கணம் இல்லாதது என்று நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சொல்வாய், அதனால் நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை, நீ கேட்கவும் இல்லை. அன்றைக்கும் நானே போயிருக்கலாம், கையில் மாவு இருந்ததால் உன்னை அனுப்பினேன். நீ போய், பக்கத்துக் குடிசை வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாள் மாக் சோமிடம், கெலாப்பா இரண்டு உடைத்துத் தாருங்கள் என்பதற்குப் பதில் கெப்பாலா இரண்டு உடைத்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாய். தேங்காய் கேட்கப் போய் தலையைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் சிவந்து ஓடி வந்தாய். பின்னாலேயே அந்த அம்மாள் இரண்டு தேங்காயோடு வந்து, எனக்கு இருப்பது ஒரே தலை, அதையும் உடைத்துவிட்டால் நாளைக்கு நெத்திலியை யார் காயவைப்பது என்று கேட்டார். நீ அழப்போகிறாய் என்று நான் பயந்தேன், நீ சிரித்தாய். லீவில் வந்து பதினோரு நாள் கழித்து அன்றுதான் உன் சிரிப்பைக் கேட்டேன். குடிசைக்கு அந்தப் பக்கம் வலை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மாக் சோம் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும். வார்த்தையை முட்டை மாதிரி பொத்திப் பொத்தித் தூக்கி வருகிறாயே பிள்ளை, கீழே போடு, உடையட்டும், என்னிடம் நிறைய இருக்கிறது, வேறு எடுத்துக்கொள் என்றார். மறுநாள் காலையிலிருந்து நீ அவரோடு நெத்திலி பொறுக்க உட்கார்ந்தாய், தப்புத் தப்பாகப் பேசினாய், அவர் திருத்தினார், அவர் மருமகள் சிரித்தாள், நீயும் சேர்ந்து சிரித்தாய். நாலாம் நாள் ஒரு கோழி வந்து நெத்திலி காய்ந்த பாயில் வாய் வைத்தபோது நீ எழுந்து அதை மலாயில் திட்டி விரட்டினாய். யோசிக்காமல் வந்தது அது. அன்று மாலையே பினாங்குக்கு என்றைக்கு ரயில் என்று நீயாகவே அப்பாவிடம் கேட்டாய். என் மனசு மூலையில் இருந்த சந்தோஷம் போயிற்று, அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது.

நேற்று சனிக்கிழமை சீதா அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் உம்பாய் போய், அங்கிருந்து படகில் தீவுக்குப் போனேன். உஜோங் பாசிர் தாண்டும்வரை மழை, படகில் ஏறும்போது வெயில். மாக் சோமுக்கு முறுக்கும், அப்பா வாங்கிக் கொடுத்த இடுப்பில் கட்டும் ஒரு பாத்திக் சாரமும் கொண்டுபோனேன். நீ தேறிய விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உங்களால்தான் என் மகள் திரும்பிப் போனாள் என்றேன். அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நான் கொடுத்தது இரண்டு தேங்காய்தான், வாய் அவளுடையது என்றார். அப்புறம், அவள் எனக்கு ஒன்றும் எழுதவில்லையா என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, ஊரிலிருந்து வந்தவர் பெட்டியில் எனக்கும் ஏதாவது இருக்கிறதா என்று குழந்தை கேட்குமே, அப்படிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை கண்ணு. பரீட்சைக்காரர் முன்னால் நீ நின்ற நிலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தீபாவளிக்கு உனக்கு லீவு இல்லை என்று எழுதியிருக்கிறாய், பலகாரம் பார்சலில் வரும், அறைத் தோழிகளுக்கும் கொடு. பின்னால் நின்று சிரித்தவர்களுக்கும் கொடு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ராத்திரி பட்டினி படுக்காதே. நல்ல படிப்பும் நல்ல ஆயுசும் உனக்கு வாய்க்க வேண்டும், உன்னிடம் படிக்கப்போகிற பிள்ளைகள் உன்னைப் பார்த்துப் பயப்படாமல் பேச வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் போட அவசரம் இல்லை. முதலில் மாக் சோமுக்கு உன் கையால் மலாயில் ஒரு கடிதம் எழுதி என் முகவரிக்கு அனுப்பு, தப்பு இருந்தால் இருக்கட்டும், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவர் பேத்தி வாசித்துச் சொல்வாள். என் நன்றியை நான் சொல்லிவிட்டேன். உன்னுடையதை நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா
ஜெ. அஞ்சலை