நானூறு பேர் பார்த்த வரப்பு

தம்பி தமிழரசா,

நேற்று மாலை வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்ததை நீ போனில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, உன் முதுகுக்குப் பின்னால் நம் நாற்றங்கால் வரப்பு உடைந்தது. கூப்பிட்டேன். "இருங்கண்ணே, நானூறு பேர் பாக்குறாங்க" என்றாய்.

தண்ணீரில் தெரிந்த தன் அழகில் மயங்கிய கொக்கு ஒன்று காலடி மீனைக் கோட்டைவிட்டதாம். அதற்கு உன்னைப்போல் ஐம்பது வயதும் ஆகவில்லை, போனில் துப்பாக்கி விளையாட்டும் வெப் சீரிஸும் தெரியாது, மன்னிக்கலாம்.

வரப்பை அடைக்கப் போகிறேன். தண்ணீரை வடிக்காவிட்டால் நாற்று முழுவதும் அழுகிவிடும். தனியாக என்னால் முடியாது. ஹாட்பாக்கில் இட்லி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மண்வெட்டியோடு வா. போன் வேண்டாம்.

அண்ணன்

பி.கு.: அந்த வீடியோவை உன் அண்ணி காட்டினாள். "பின்னாடி வரப்பு உடையுது, பாருங்க" என்று பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் நீ இதயம் போட்டிருக்கிறாய்.