நாலாவது ஸ்க்ரூ

புத்தூர், 14-3-1960

சத்தியவேட்டிலிருந்து கங்கையா வந்து தம் வால்வு ரேடியோவை என் கடையில் வைத்தார். இவர் மகள் மனோரமாவைத்தான் எனக்குப் பார்த்திருக்கிறார்கள். பெண் பார்த்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை. "ஒண்ணாந்தேதி எங்க ஊரு ஆந்திராவுல சேருது. அன்னிக்கி ரேடியோ பாடணும், தம்பி. கல்யாணப் பேச்ச அப்பால பாக்கலாம்" என்றார். பரீட்சைதான், வேறென்ன!

16-3

அடியில் நாலு ஸ்க்ரூ. மூன்று வந்துவிட்டன. நாலாவதன் தலை மழுங்கிக் கிடக்கிறது. வெட்டுக்குள் உடைந்த கத்தி முனை வேறு. எண்ணெய்ப் பிசுக்கு கோந்து மாதிரி பிடித்திருக்கிறது. "எங்க வூட்ல யாரும் தொட்டதில்ல" என்றாரே மனுஷன்!

17-3

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அழுத்தித் திருகினேன் — திருப்புளி வழுக்கி, பெட்டியின் பாலிஷில் விரல் நீளத்துக்குக் கீறல். போச்சு. பெண்ணும் போச்சா?

20-3

பஸ் பிடித்துச் சத்தியவேட்டுக்கே போனேன். கீறலைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. கங்கையா கழனியில் இருந்தார். தண்ணீர்ச் சொம்போடு வந்த மனோரமா மெல்லச் சொன்னாள்: "பாட்டு நின்னு போச்சேன்னு நான்தான் எங்க நைனாவோட கத்தியால தொறக்கப் பாத்தேன். வரலன்னு நல்லெண்ண ஊத்தினேன். சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது. ரேடியோவைத் திறக்கப் பார்த்த பெண்! கட்டினால் இவளைத்தான் கட்டுவேன்.

கங்கையா வந்ததும், ஸ்க்ரூ கெட்டதும் பெட்டி கீறியதும் என்னால்தான் என்றேன். முறைத்தார். "ஒண்ணாந்தேதிக்குப் பாடுமா?" அவ்வளவுதான் கேட்டார்.

25-3

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவிட்டேன். ரம்பத் துண்டால் ஸ்க்ரூ தலையில் புது வெட்டு. சூடேறிய சால்டரிங் இரும்பை ஒரு நிமிஷம் அதன்மேல் வைத்தேன். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கம். வந்துவிட்டது! உள்ளே ஒயர் ஒன்று விட்டிருந்தது, அவ்வளவே.

1-4

சத்தியவேட்டில் ரேடியோ பாடியது. கங்கையா கீறலைத் தடவிக்கொண்டே, "ஆனியில முகூர்த்தம் பாக்கலாம்" என்றார். ஊர் இன்று ஆந்திராவில் சேர்ந்துவிட்டது. பெண் ஆனியில் சேருவாள்.

9-10

மாமனார் கடைக்கு வந்தார். மனோரமா ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "மாப்ளயாட்டம் பெட்டியக் கீறிடாத" என்று கேலி செய்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கி ஸ்க்ரூவக் கெடுத்தது நான்தான், நைனா."

"என் கத்தி மொன ஒடஞ்சது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிக்கினுதான் குடுத்தேன். எங்க வூட்டு மேல குத்தம் சொல்லிக்கினு வருவாருன்னு பாத்தேன். பழியத் தன் மேலயே போட்டுக்கினு வந்து நின்னாரு."

மனோரமா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டீ சொல்லப் போய்விட்டேன்.