கழுதைக் குடாவில் ஒரு வெள்ளிக்கிழமை

சால்ட் பெஞ்ச், அரிசோனா
மார்ச் 9

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒக்லஹோமா முத்திரையைப் பார்த்ததும் பிரிக்காமல் உன் அம்மாவிடம் கொடுத்தேன். நீ போன இந்த நான்கு வருஷத்தில் வந்த முதல் கடிதம், அவள்தான் பிரிக்க வேண்டும் என்று தோன்றியது. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு நின்றபடியே உரக்கப் படித்தாள். ஏரி எப்படி இருக்கிறது, பாஸ் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, எதைக் கடிக்கிறது, படகு இறக்க இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்கவில்லை. அம்மா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ பார்த்ததைவிட ஏரி பத்தொன்பது அடி இறங்கிவிட்டது. தெற்குச் சரிவு சேற்றில் போய் முடிகிறது, அங்கே படகை இறக்காதே. படகுத்துறைச் சரிவு ஒன்றுதான் பாக்கி. காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டிகள் சாலைவரை நிற்கும். மீன் பிடிக்க இரண்டு வாடிக்கையாளர்களை அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாய். அவர்கள் நிதானமாகக் காப்பி குடிக்கிற ஆட்களாக இருந்தால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும்.

தண்ணீர் முன்பைவிடத் தெளிவு. அந்தச் சின்னச் சிப்பிகள் பாறையெல்லாம் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடிகட்டித் தள்ளுகின்றன. முப்பதடி ஆழத்தில் கிடக்கும் பீர் டப்பாவின் பெயரைப் படிக்கலாம். உனக்கு மீன் தெரிகிறது என்றால், மீனுக்கு நீ எப்போதோ தெரிந்துவிட்டாய் என்று பொருள். ஆறு பவுண்டு தூண்டில் நரம்புக்கு மேல் போகாதே. சிப்பி அதையும் அறுக்கும், நாலு தடவை வீசினால் ஒரு தடவை விரலால் தடவிப் பார். நிழல் பின்னால் விழும்படி சூரியனைப் பார்த்து நில். தூரமாக வீசு.

தண்ணீர் ஐம்பத்தெட்டு டிகிரி. பெரியவாய்ப் பாஸ் குடாக்களின் வாயில் இருபதடியில் காத்து நிற்கிறது, ஏப்ரலில்தான் மேலே ஏறி முட்டையிடக் குழி பறிக்கும். சின்னவாய்ப் பாஸ் வடக்குப் பாறை முனைகளில், முப்பது முப்பத்தைந்து அடியில். காற்றில்லாத நாளில் தூண்டில் முள்ளுக்கு ஒரு முழம் கீழே ஈயத்தைக் கட்டி, பச்சைப் பழுப்பு ரப்பர் புழுவைத் தொங்கவிட்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா இரு. வெளியூர்க்காரர்களால் முடியாதது அந்தச் சும்மா இருப்பதுதான். காற்று கிளம்பினால் எல்லோரும் கரைக்கு ஓடுவார்கள். நீ அலை மோதுகிற பாறைக்குப் போ. தண்ணீர் கலைந்தால் மீனின் கண் கொஞ்சம் மழுங்கும், அப்போது வெள்ளைத் தகட்டுத் தூண்டிலை வேகமாக இழுத்தால் வந்து அடிக்கும். ஆழத்தில் பிடித்ததை மெதுவாக மேலே கொண்டு வா, இல்லாவிட்டால் வயிற்றில் காற்று உப்பிச் செத்துவிடும்.

ஏரி பற்றி இவ்வளவுதான். கடைசி வரியில் நீ எழுதியிருந்தது வேறு. "ஹார்லன் பீட்டை மன்னித்துவிட்டேன். தண்ணீரில் பார்த்தால் கைகொடுப்பேன்" என்று எழுதியிருந்தாய். அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். "பாத்தியா மெர்ல், என் புள்ள மனசு எப்படி ஆயிருச்சு பாத்தியா" என்று அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்தது ஹார்லன் இல்லை. நான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், மீன்பிடிப் போட்டிக்கு முந்தின நாள், மிதவைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கப் போனேன். பத்தொன்பது வருஷமாகப் போட்டி மீன்களை எடை போடும் மேடையில் நின்றவன், முதல் நாள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என் வழக்கம், உனக்குத் தெரியும். கழுதைக் குடாவில் காற்றே இல்லை. பாறை விளிம்புக்கு அடியில், இருபத்தைந்தடி ஆழத்தில் ஒரு கம்பிக் கூடை தெரிந்தது. வேறெந்த ஏரியாக இருந்தாலும் தெரிந்திருக்காது. கொக்கி போட்டுக் கயிற்றைத் தூக்கினேன். உள்ளே ஐந்து பாஸ். ஒன்று எட்டுப் பவுண்டு இருக்கும். மூக்கெல்லாம் கம்பியில் உரசிச் சிவந்திருந்தது. ஒரு வாரமாவது உள்ளே கிடந்திருக்கும். முன்பே பிடித்து ஒளித்து வைத்து, போட்டியன்று பிடித்ததாகக் காட்டுவதற்கான மீன்கள்.

கயிறு மஞ்சள் கயிறு. நுனி பிரியாமல் இருக்க நீல டேப் சுற்றியிருந்தது. நம் வீட்டுக் கொட்டகையில் அம்மா எல்லாக் கயிற்றுக்கும் சுற்றி வைப்பாளே, அந்த டேப்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். கூடையின் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். ஐந்தும் போயிருக்கும். மறுநாள் காலை நீ வந்து வெறும் கூடையைப் பார்த்திருப்பாய், யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய், அந்தப் பயமே உனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்தேன். ஒவ்வொரு மீனுக்கும் முதுகுத் துடுப்பில் மூன்றாவது முள்ளின் நுனியைக் கத்தரித்தேன். கூடையை இருந்த இடத்திலேயே இறக்கிவிட்டு வந்தேன்.

அன்று மாலை நீ சாப்பிட வந்தாய். அம்மா பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் போட்டு வேகவைத்திருந்தாள். நாளைக்கு எங்கே தூண்டில் போடப் போகிறாய் என்று கேட்டேன். "வடக்கு முனைதாம்ப்பா. முந்தாநாளு அங்க அஞ்சாறு நல்லா அடிச்சுது. அதிர்ஷ்டம் இருந்தா பாப்போம்" என்றாய். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, கண்ணைக் கூடத் தாழ்த்தாமல் சொன்னாய். உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்ததாக ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது வாய்ப்பு இல்லை. சுருக்குக் கயிற்றை மாட்டிவிட்டு இழுப்பதற்குக் காத்திருந்தேன். தப்பு செய்தவன் என் மகன் என்பதைவிட, என் எடை மேடையில் செய்யத் துணிந்தான் என்பதுதான் எனக்குக் கொதித்தது. அந்தக் கொதிப்பில் உன்னை நான் பிள்ளையாகப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். இருபத்தேழு பவுண்டு. கூட்டம் கத்தியது. பெரிய மீனைத் தூக்கி முத்தம் கொடுத்தாய், அம்மா படம் எடுத்தாள். "அப்பா, தராசு முள்ளு நிக்கிற வரைக்கும் கை வெக்காதீங்க, சொந்தக்காரன்னு ஊரு சொல்லும்" என்று ஒலிபெருக்கியில் கேட்கும்படி கிண்டல் செய்தாய். எல்லோரும் சிரித்தார்கள். போட்டி நடத்தும் வெஸ்லி கிம்பலை நான் பக்கத்தில் அழைத்து, முதுகுத் துடுப்பில் மூன்றாவது முள்ளைப் பார் என்றேன். அவன் ஐந்தையும் பார்த்தான். "இது யாரு வெச்ச குறி மெர்ல்?" என்றான். பேர் வேண்டாம் என்றேன். அவனும் ஒலிபெருக்கியில் பேர் சொல்லவில்லை, உன் எடை ரத்து என்று அறிவித்துவிட்டு, யாரோ ஒருவர் முதல் நாளே பார்த்துக் குறி வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவது வந்தவன் ஹார்லன். பரிசுப் படகு அவனுக்குப் போனது. பேர் சொல்லாவிட்டால் ஊர் யாரை நினைக்கும் என்று எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் நீ அவன் தாடையை உடைத்தபோது நான் இருபதடி தள்ளித் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "காட்டிக்குடுத்த நாயே" என்று நீ கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அது எனக்கு வரவேண்டிய அடி.

மூன்று வாரம் கழித்து ஹார்லன் வீட்டுக்கு வந்தான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், பல்லைக் கடித்தபடியேதான் பேச முடிந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவன் உட்காரவில்லை. "மேடைல நான் உங்க பக்கத்துலதான் நின்னேன். நீங்க மீனத் திருப்பிக்கூடப் பாக்காம வெஸ்லியக் கூப்பிட்டீங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு மெர்ல். ரஸ்ஸல் மேல கேஸ் போடமாட்டேன். நீங்க மட்டும் உங்க வாயால ஊருக்குச் சொல்லிருங்க. எம் பொழப்பு இந்த ஊருல இருக்கு" என்றான். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. முதலில் அம்மாவுக்காக என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஊர் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. சொந்த மகன் என்றும் பார்க்காமல் எடையை ரத்து செய்த மனுஷன் என்று கேடயம் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். படகுக்காகக் காட்டிக்கொடுத்தவன் என்று ஹார்லனின் இரைக் கடைக்கு ஆள் வருவது நின்றது. கூட மீன் பிடித்தவர்களே நாற்பது மைல் தள்ளிப் போய்ப் புழு வாங்கினார்கள். அடுத்த வருஷம் கடையை மூடினான். இப்போது சுரங்கத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அந்தப் படகை அவன் ஒரு நாள்கூடத் தண்ணீரில் இறக்கவில்லை என்கிறார்கள். ஒரு தடவைகூட என் பேரை யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உன் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தொறந்து விட்டுட்டு வந்திருக்கலாமே மெர்ல்." அன்றிலிருந்து உன் அறையில் படுத்துக்கொள்கிறாள். எனக்குச் சாப்பாடு வைக்கிறாள், தட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள். நேற்று வெஸ்லியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.  இந்த வருஷம் எடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். சாலை முனைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேரிடமும் நானே சொன்னேன். ஒருவரும் காப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, ரஸ்ஸல். அந்த மீன்களை நினைத்தால் இன்றும் எனக்கு உன்மேல் கோபம் வருகிறது. மேடையில் உன்னை நிறுத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை. உன்னை அந்த மேடைவரை நடந்து வரவிட்டதற்குத்தான் வருத்தப்படுகிறேன். இரண்டும் ஒன்றில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. அவ்வளவு காலமும் ஹார்லன் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நாளை மதியம் அவன் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பானா தெரியாது. திறந்தால் என்ன சொல்வது என்றும் தெரியாது. நீ அவனை மன்னித்ததாக எழுதிய வரியை மட்டும் அவனுக்குச் சொல்லமாட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ வராமலும் இருக்கலாம். வா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. வந்தால், என்னைப் பார்க்காமல் போனாலும் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு மேல் நான் வீட்டில் இருக்கமாட்டேன், அந்த நேரத்தில் வரலாம். அதற்கு முன்னால் ஹார்லனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுது. மூன்று வார்த்தை போதும், எந்த மூன்று என்று உனக்குத் தெரியும். விலாசம் கீழே இருக்கிறது.

கைகால் பத்திரம். நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா,
மெர்ல் ஸ்டாடர்ட்

ஹார்லன் பீட், 14, பழைய சுரங்கச் சாலை, சால்ட் பெஞ்ச். நேரில் போனால் பக்கவாட்டுக் கதவைத் தட்டு. முன்கதவை அவன் இப்போது யாருக்கும் திறப்பதில்லை.