சேற்றுத் திட்டில் அஸ்வினி

மயிலாப்பூர்

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

நீயும் மதுவந்தியும் அந்தப் பனியில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அப்பா உனக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் "அம்மாவுக்கு ஆத்துல ஒரு சின்ன விபத்து, பயப்படாதே" என்று மட்டும் இருந்ததாம், நீ அதை வீடு என்று எடுத்துக்கொண்டு பாத்ரூமில் வழுக்கிவிட்டதா என்று கேட்டாய், நானும் போனில் ஆமாம் போல ஏதோ முனகிவிட்டேன். அவர் சொன்னது ஆறு, அடையாறு. போனில் சொன்னால் நடுவில் கத்துவாய். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

அஸ்வினியை உனக்கு நினைவிருக்கும், நான் ஓய்வு பெறுமுன் கடைசியாக எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி மாணவி, முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்து விழித்தாளே, அவள்தான். அடையாறு கடலில் சேருமிடத்து உப்புத்தண்ணீரில் அவள் ஒரு டயாட்டம் கண்டுபிடித்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி, உடம்பைச் சுற்றிக் கண்ணாடி போல ஓடு, அந்த ஓட்டில் இருக்கும் வரிகளை வைத்துத்தான் இது இன்ன இனம் என்று சொல்வது. இதன் வரிகள் நடுவில் ஒரு பக்கம் மட்டும் விசிறி போல விரிகின்றன, நாங்கள் தேடிய எதிலும் இப்படி ஓர் இனம் பதிவாகவில்லை. புதிய இனம் என்று எழுதி அனுப்பினோம். மதிப்பிட்டவர் ஒருவர், சாக்கடை கலக்கும் இடத்தில் ஓடு கோணலாவது சகஜம், ஒரே ஒரு தடவை எடுத்த சேற்றை வைத்து இதைப் புது இனம் என்று ஏற்க முடியாது, அதே இடத்தில் மறுபடி எடுத்துக் காட்டுங்கள் என்று எழுதிவிட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்த வாரம்தான் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், ஏரியைத் திறந்து ஆற்றில் தண்ணீர் விடப் போகிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல தண்ணீர் வந்து அடித்தால் நாங்கள் முதலில் எடுத்த ஆற்றுத் திட்டில் இருக்கும் சேறு மொத்தமும் கடலுக்குப் போய்விடும், மறுபடி உப்பு ஏறிப் பாசி பிடிக்கக் கோடை வந்துவிடும், அதற்குள் அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிந்துவிடும். அப்பா வாசல் வரை வந்து "நீ போறதே தப்பு, அந்தப் பொண்ண வேற எதுக்கு அழைச்சுண்டு போறே" என்றார். சீனிவாசபுரத்தில் படகில் ஏறும்போது அஸ்வினியும் "மேம், ரெண்டு நாள் கழிச்சிப் போலாமா, காத்து ஒரு மாதிரி கீது" என்றாள். ரெண்டு நாள் கழித்து அங்கே ஒன்றும் இருக்காது என்று சொல்லி ஏறச் சொன்னது நான்தான்.

படகுக்காரர் மரியசெல்வம் எங்களைத் திட்டோரமாக இறக்கிவிட்டுப் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேறு கணுக்கால் வரைதான் இருந்தது. அஸ்வினி முன்னால் போய்க் குப்பி குப்பியாக நிரப்பித் தோளில் மாட்டிய பையில் போட்டுக்கொண்டே இருந்தாள், நான் பின்னால் நின்று இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் என்றேன். ஓரடி எடுத்து வைத்தவள் சட்டென்று இடுப்புவரை இறங்கிவிட்டாள். கத்தக்கூட இல்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் தண்ணீரும் ஏறத் தொடங்கியது, மேற்கேயிருந்து பழுப்பாக, ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சுழன்றுகொண்டு. நான் அவள் கையைப் பிடித்தேன், எனக்கும் முழங்கால் வரை போய்விட்டது. இதை நீ கேட்டே ஆக வேண்டும் ஸ்ரீநாத். அந்தக் கணத்தில் என் வாயிலிருந்து முதலில் வந்தது, பையை மேலே தூக்கிப் பிடி என்பதுதான். அவளும் பிடித்தாள். இழுக்க ஒரு கைதான் எனக்குக் கிடைத்தது, இன்னொரு கையால் அவள் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள். மரியசெல்வம்தான் "பைய உடுமா, பைய உடு" என்று அலறிக்கொண்டு படகுப் பலகையைச் சேற்றின் மேல் போட்டு, அதில் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தார். பையை விட்டாள், அது எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை. அவளைப் பலகை மேல் இழுத்துப் போட்டபோது தண்ணீர் அவள் மார்புக்கு வந்திருந்தது. கரை சேரும் வரை அவள் பற்கள் குளிரில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பிறகு அவளுக்குக் காய்ச்சல். நான் போன் செய்தால் அவள் அம்மா எடுத்து, தூங்குது டீச்சர் என்று வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் மணி அடித்தது, அஸ்வினியும் அவள் அப்பா வேதநாயகமும். நொச்சிக்குப்பத்தில் மீன் கடை வைத்திருப்பவர், அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையிலிருந்த பாலிதீன் கவரை மேஜையில் வைத்தார். உள்ளே அஸ்வினி அன்று போட்டிருந்த சுடிதார் பேன்ட், சேறு காய்ந்து விறைத்துக் கிடந்தது. "அம்மா துவைக்க எடுத்தாங்க மேம், நான்தான் வாணாம்னு புடுங்கி வச்சேன், அந்த எடத்து சேறுதானே" என்றாள் அவள். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை. வேதநாயகம் நிதானமாகத்தான் கேட்டார். "தண்ணி வர்றது உங்களுக்குத் தெரியும். நீங்க போவாதன்னு சொல்லிருந்தா என் பொண்ணு நின்னுருக்கும். ஏன் சொல்லல?" அஸ்வினி குறுக்கே, மேம்தான் என் கையப் புடிச்சி இழுத்தாங்க என்று ஆரம்பித்தாள். பையைப் பற்றி அவள் வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அப்படியே விட்டிருந்தால் நான் அவர் முன் நல்லவளாக நின்றிருப்பேன். விட முடியவில்லை, பையைத் தூக்கிப் பிடி என்று நான் சொன்னதை அவரிடம் சொன்னேன். சமையலறையில் உன் அப்பா காபி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது, அவருக்கும் அது புதிது. வேதநாயகம் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே ஆத்துக்கு அது வராது. லேபுக்கு வரும், நானே இட்டாந்து நானே கூட்டினு போவேன்" என்றார். சரி என்றேன். காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

அந்தப் பேன்டிலிருந்து சுரண்டிய சேற்றை அமிலத்தில் சுத்தம் செய்து கண்ணாடியில் ஏற்றினோம். அஸ்வினி மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, நிறைய, எல்லாவற்றிலும் அதே பக்கம் அதே விசிறி. கோணல் என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கோணியிருக்கும், இது பிறவியிலேயே அப்படி. தரமணியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படமும் எடுத்தாகிவிட்டது. சேறு எப்படிக் கிடைத்தது என்பதை ஒளிக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறோம், துணியிலிருந்து எடுத்ததை ஏற்பார்களா மாட்டார்களா தெரியாது, பதில் வரவில்லை.

மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்த அன்று சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த வேதநாயகம் லேப் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அஸ்வினி காட்டியபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். தலையை எடுக்காமலே கேட்டார், "இதுக்கா டீச்சர்?" கோபமாகக் கேட்டாரா, ஆச்சரியமாகவா என்று குரலில் பிடிபடவில்லை. இதுக்குத்தான் என்றேன். அவர் கண்ணை எடுக்காமல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை மதுவந்தியிடமும் படித்துக் காட்டு, மறைக்காதே. என்னைத் திட்டுவதானால் திட்டு, ஆனால் அப்பாவிடம் சண்டை போடாதே, அவர் தடுத்தார். நீயும் யாரையாவது வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறாய், அவர்கள் தயங்கினால் ஒரு நிமிஷம் நின்று கேள். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, போன தடவை விட்டுப்போன கண் பரிசோதனையை இந்த மாதமாவது முடித்துவிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா
அபயாம்பாள் கஸ்தூரிரங்கன்