காற்றாட வைத்த ஒயினும் கருணாபுரத்துப் பாக்கெட்டும்

என் வாயை அடக்க முடியாமலே போய்ச் சேர்ந்த அண்ணா,

அங்கே உன் பக்கத்தில் யாராவது இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல். நான் கோபமாக இருக்கிறேன். கோபம் வந்தால் எனக்குச் சத்தம் ஜாஸ்தி, உனக்குத் தெரியாததா? ஊரும் படிக்கட்டும் என்றுதான் இதை அச்சில் ஏற்றுகிறேன்.

உன் மகள் மீனா நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள். அதே ஆஸ்பத்திரியின் லேப்பில் இருக்கும் பிரபுவுக்கு அவள்மேல் ஆசை. இவளுக்கும்தான். பையன் தங்கம். அவனைப் பெற்றவர் இருக்கிறாரே, அவரால்தான் இந்தக் கடிதம்.

வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தானே பெண் பார்க்க வரவேண்டும்? கருணாபுரம் சந்தில் அவர் கார் நுழையாதாம். பெண்ணை அழைத்துவரச் சொன்னார். தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று அண்ணி வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஆக, பெண்ணுக்குத் துணை நான். யானைக்குப் பட்டுப்புடவை சுற்றியது போல் கிளம்பினேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசிய தரகர் வழியெல்லாம் பாடம் நடத்தினார். “அப்பா இன்னா ஆனாருன்னு கேட்டா மாரடைப்புன்னு சொல்லிடுங்கம்மா. தோண்டியா பாக்கப் போறாங்க?” நானும் தலையாட்டினேன்.

சேலம் ரோட்டில் புது வீடு. நடுக்கூடத்தில் பையனின் அப்பா, ஓரமாகப் பிரபு, மேசைமேல் திறந்த ஒயின் பாட்டில்.

“பெங்களூர்ல இருந்து பெரியவன் கொண்ணாந்தான். தொறந்த ஒடனே குடிக்கக் கூடாதும்மா, அரை மணி நேரம் காத்தாடணும். அவசரம்னா இது” என்று, கண்ணாடிப் புனல் போன்ற ஒன்றைப் பாட்டில் வாயில் செருகினார். ஏரேட்டராம். சாய்த்தால் பக்கத்து ஓட்டை வழியே காற்றை இழுத்துக்கொண்டு, குறட்டை விடுகிற சத்தத்தோடு ஒயின் இறங்குகிறது. காற்று கலந்தால் துவர்ப்பு குறையுமாம், வாசனை எழும்புமாம்.

“அவ்ளோதானா சார்? ரெண்டு டம்ளர் குடுங்க, ஆத்தியே குடுத்துடறேன்” என்றேன். கேட்டதோடு நிற்கிறவளா நான்? அங்கே இருந்த இரண்டு டம்ளரை எடுத்து ஊற்றி, டீ ஆற்றுவது போல் தூக்கி ஒரே இழுப்பு. பாதி டம்ளரில், பாதி அவர் வெள்ளை வேட்டியில்.

“அய்யய்யோ, டீயாம்மா அது!”

மீனா என் தொடையில் கிள்ளினாள். “சும்மா இரு அத்த!”

“லேடீஸ்கூட குடிக்கலாம், மருந்து மாதிரி” என்று எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். நாவல்பழம் தின்றுவிட்டுத் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது.

அப்புறம் கேட்டார்: “கருணாபுரம்னா... பொண்ணோட அப்பா அந்தக் கள்ளச்சாராய சமாச்சாரத்துல போயிடலையே?”

‘மா’ என்று நான் வாய் திறப்பதற்குள் உன் மகள் சொன்னாள். “அதுலதான் சார் செத்தாரு. நான்தான் பக்கத்துல இருந்தேன். மொதல்ல கண்ணு தெரியலன்னாரு.”

அவர் கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றினார். “குடிகாரன் வூட்டுப் பொண்ணுன்னா யோசிக்கணும்மா. நாங்க கௌரவமான குடும்பம்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்! ஒரு பாட்டிலுக்கு எத்தனை உபசாரம்! காற்று பட்டதா, கசடு இறங்கியதா, எந்தக் கண்ணாடியில் ஊற்றினால் மணக்கும்... பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு நீ வாங்கினாயே சாராயப் பாக்கெட், அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒருவராவது மோந்து பார்த்தார்களா? நீ குடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. அண்ணி பட்ட பாட்டுக்கு உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! ஆனால் நீ செத்த பிறகு உன் ஒழுக்கத்தை மோந்து பார்க்க மட்டும் ஊரே மூக்கை நீட்டுகிறதே, அது என்ன நியாயம்?

“கையில கிளாஸ வச்சிகினு பேசறீங்களே சார். கீழ வச்சிட்டாவது பேசக் கூடாதா?” என்றேன். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை.

மீனா எழுந்துவிட்டாள். பிரபுவைப் பார்த்து, “சம்மதம் கேக்கத்தான் வந்தோம். எங்கப்பாவுக்காக மன்னிப்பு கேக்க வரல” என்றாள். பஸ்ஸில் வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம், கார் நுழையாத சந்துக்குள் பிரபுவும் அவன் அம்மாவும் நடந்தே வந்தார்கள். தட்டில் பூ, பழம், புடவை. அண்ணி உள்ளே போய் ஒளிந்துகொண்டாள். அந்த அம்மா விடவில்லை. “பொண்ணப் பெத்தவங்க நீங்க வாங்கலன்னா யார் வாங்கறது? வாங்க வெளிய.” அண்ணி கையில்தான் தட்டைக் கொடுத்தார்கள், அண்ணா. பையனின் அப்பா கல்யாணத்துக்கு வருவாரா? வந்தாலும் கையில் கிளாஸோடு வருவாரா, கீழே வைத்துவிட்டு வருவாரா? பார்க்கலாம்.

ஒன்று மட்டும் உறுதி. அன்று பந்தலில் யார் என்னிடம் கேட்டாலும், நீ எப்படிப் போனாய் என்பதை நடந்தது நடந்தபடி சொல்வேன். குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை போட்டவள், இனி உனக்காகப் போடப்போகிறவள்,
உன் தங்கச்சி