ஒன்பது புளியங்கொட்டை

கேமரன் மலை, 1983

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் சாரதா வணங்கி எழுதுவது. எனக்கு இது எட்டாம் மாதம், நலமாயிருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பிள்ளை தினமும் பத்துத் தடவையாவது அசைகிறதா என்று எண்ணச் சொன்னார் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி. கொழுந்து எடுக்கும்போது, அசைவுக்கு ஒரு புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொள்கிறேன், சிரிக்காதீர்கள். நேற்று கொழுந்து நிறுக்கும்வரை ஒன்பதுதான். கூடையைப் போட்டுவிட்டு கிளினிக்குக்கு ஓடினேன். வயிற்றில் மரக்குழல் வைத்துக் கேட்டவர், "நல்லா துடிக்குதுலா, பயப்படாத" என்றார்.

போன தடவை நான் எண்ணவில்லை. அவன் எந்த நாளில் நின்றான் என்று இன்னும் தெரியாது.

கடிதம் கொண்டுபோகும் லோரி கிளம்புகிறது. குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். பிள்ளையைச் சுற்றப் பழைய சேலை இப்போது வேண்டாம், அழுகுரல் கேட்டபிறகு எழுதுகிறேன். போன தடவை அனுப்பியதில்தான் அவனைச் சுற்றிப் புதைத்தோம்.

சாரதா