பள்ளிக்கூட கேட்டில் நாம் போட்ட சண்டை

இன்று காலை உன் மகளுக்குக் கைக்குட்டை குத்திவிடும்போது ஊக்கு என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. ரத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். "வாயில வைங்க மிஸ்," என்றாள். வைத்தேன். இரும்பும் சோப்பும் கலந்த அந்த ருசி நாக்கில் பட்டதும் நீ வந்துவிட்டாய். தச்சநல்லூரில் அந்த நர்சரிப் பள்ளிக்குப் பயிற்சி மாணவிகளாகப் போன காலத்தில் தினமும் காலையில் நாம் இரண்டு பேரும் செய்த முதல் வேலை இதுதானே? எல்.கே.ஜி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மூக்கைத் துடைத்து, சட்டையின் இடது பக்கம் கைக்குட்டையை மடித்து ஊக்குப் போடுவது. நீ உன் விரலைச் சட்டைக்குள் விட்டுத் தாங்கிக்கொண்டுதான் குத்துவாய். "குத்துனா என்னயத்தான் குத்தணும்" என்பாய். உன் விரலெல்லாம் பொத்தலாக இருக்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. பேசவும், கொஞ்சம் சண்டை போடவும். சில நாட்களாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் எழுந்து நின்றுகொள்கிறேன். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றால், இறங்கி நடந்துவிடலாமா என்று கால் பரபரக்கிறது. அம்மா, "ஏட்டி, ஒனக்கு என்னதான் வந்து தொலஞ்சுது? அடுப்புல கொளம்பு தீயுதது கூடவா மூக்குக்குத் தெரியல?" என்று கத்துகிறாள். தெரியத்தான் இல்லை.

பயிற்சியின் முதல் நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி முன்னால் ஒத்திகை எல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வகுப்பின் நடுவில் நின்றுகொண்டு, "அன்பான குழந்தைகளே, நீங்கள் அனைவரும் நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். முன் வரிசையில் ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அப்புறம் வகுப்பே ஓலமிட்டது. நீ பின்னால் நின்று துப்பட்டாவுக்குள் சிரித்தது எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? சிரித்து முடித்துவிட்டு முன்னால் வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டிருந்த ஒருவனைப் பார்த்து, "ஏலே, காலைல என்னலே தின்ன?" என்றாய்.

"இட்லி."

"எனக்கு ஒண்ணு கொண்டாந்தியா?"

அவன் அழுகையை நிறுத்தி யோசித்தான். அதற்குள் மற்றவர்கள் தோசை, பூரி, பழைய சோறு என்று ஆளாளுக்கு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து உன் வாயில் ஊட்டியே விட்டாள். நீயும் ஆவென்று வாங்கிக்கொண்டாய். சரியாக அந்த நேரம் பார்த்துப் பயிற்சி நிலையத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் அம்மையார் உள்ளே நுழைந்தார். வாய் நிறைய எலுமிச்சம்பழச் சோற்றோடு எழுந்து நின்று நீ வணக்கம் சொன்ன கோலம் இருக்கிறதே! அந்த வாரம் முழுக்க உனக்கு வசவு. உனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "சோறு நல்லாத்தாம்ட்டி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

குழந்தை உளவியலை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் போயிருந்தோம். நிக்கரை நனைத்துவிட்ட பிள்ளைக்கு மாற்றுத் துணி இல்லையென்றால் என்ன செய்வது என்று மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. நான் ஆயாவைத் தேடி வராந்தாவில் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், அவன் உன் துப்பட்டாவை வேட்டியாகக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். "வாங்க அண்ணாச்சி, கடை தொறந்தாச்சா?" என்று நீ கேட்க, பிள்ளைகள் எல்லாம் அவனைச் சுற்றிச் சாமான் வாங்க நின்றார்கள். சாயங்காலம் அவன் அம்மா வந்து கூப்பிட்டபோது கடையைப் பூட்டிவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்தான்.

ஆனால் நாம் நிஜமாகவே சண்டை போட்டது கேட்டில். அந்தப் பள்ளியில் மட்டுமல்ல, எங்கேயும் உள்ள வழக்கம்தான் அது. காலையில் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரும் பிள்ளையை ஆயா இடுப்பில் வாங்குவாள். "அந்தா பாரு, அணிலு ஓடுது" என்று வேப்பமரத்தைக் காட்டுவாள். பிள்ளை திரும்பும். அந்த நேரத்தில் தாய் நழுவிவிடுவாள். ஒரே வாரத்தில் நான் ஆயாவையே மிஞ்சிவிட்டேன். அணில் இல்லாவிட்டால் காக்கா, காக்கா இல்லாவிட்டால் கம்பியில் மாட்டிய பட்டம். பெரிய டீச்சருக்கு என்மேல் ஏகப்பட்ட பிரியம்.

நீ மட்டும் நழுவப் பார்க்கும் தாயின் கையைப் பிடித்து நிறுத்துவாய். "நில்லுங்கக்கா. பிள்ளட்ட சொல்லிட்டுப் போங்க."

"சொன்னா அழுவுவான்லா டீச்சர்."

"அழட்டும். நீங்க போறது அவனுக்குத் தெரியணும்லா."

அவன் அழுவான். கேட்டே அதிரும். பெரிய டீச்சர் அறையை விட்டு வெளியே வந்து உன்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை. "ஊரு பூரா இப்படித்தான பண்ணுதாவ? ஒனக்கு மட்டும் என்னட்டி பெரிய நியாயம்?" என்று கேட்டேன். நீ கைக்குட்டைகளை மடித்துக்கொண்டே, "இப்படியே பண்ணுனா நாளைக்கு அவன் அணிலையே நம்ப மாட்டாம்ட்டி" என்றாய். நான் எழுந்து போய்விட்டேன்.

ஒன்றை நான் கவனிக்காமல் இல்லை. என் கையில் வந்த பிள்ளைகள் சீக்கிரம் அடங்கிவிடுவார்கள். ஆனால் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்கள். புத்தகப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் கையில் வந்தவர்கள் தொண்டை கட்ட அழுதுவிட்டு மணலில் விளையாடப் போய்விடுவார்கள். அதை உன்னிடம் ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. வகுப்பு நிறைய பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓலமிட்டால் யார் சமாளிப்பது என்ற என் கேள்விக்கு நீயும் கடைசி வரை பதில் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்தது. உனக்கு மேலப்பாளையத்தில் கல்யாணம் ஆனது, எனக்கும் அங்கேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. உனக்கு ஒரு மகளும் பிறந்தாள். "சுமையா பள்ளிக்கூடம் சேரட்டும், அவகூடயே நானும் வேலைக்கு வந்துருதேன். ஒன் அணிலையெல்லாம் வெரட்டுதேன் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்குள் காய்ச்சல் வந்தது. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று நீதான் சொன்னாயாம். ஒரு ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடுவோம் என்று நினைத்திருப்பாய். உனக்கு அது நியாயமாகக்கூட இருந்திருக்கும். ஆனாலும் இதை எழுதும்போது எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஊரில் உள்ள தாய்மாரையெல்லாம் கையைப் பிடித்து நிறுத்தினாயே, உன்னை நிறுத்த ஒருவரும் இல்லையே!

பிள்ளையைக் காயல்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் உன்னை அடக்கம் செய்தார்கள். அரபு நாட்டில் வேலை பார்க்கும் உன் வீட்டுக்காரரால் தம்மாமிலிருந்து அடக்கத்துக்குள் வந்து சேர முடியவில்லை. பிறகு வந்து, சில வாரம் இருந்துவிட்டு, வேலைக்குத் திரும்பினார். ஜூனில் உன் அக்கா சுமையாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். நீ கூப்பிட்ட மாதிரியே நானும் ராத்தா என்றுதானே அவரைக் கூப்பிடுவேன். ராத்தா என்னைத் தனியாக அழைத்து, "இவளுக்கு இன்னும் சொல்லலம்மா. உம்மா வாப்பாட்ட போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம். கேட்டா நீயும் அப்படியே சொல்லிரு" என்றார். நான் தலையாட்டினேன். போனில் வாப்பா பேசும்போது "உம்மாட்ட குடுங்க" என்பாளாம். உம்மா வேலையா இருக்கா என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிடுவாராம்.

அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று நான் உனக்குச் சொல்லவா வேண்டும்? பையை மடியில் வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு. பாட்டு வேண்டாம், மண் வேண்டாம், ஊஞ்சல் வேண்டாம்.

போன மாதம் 'என் குடும்பம்' பாடம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அவளை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். ஆனால் அவளே எழுந்தாள். "எங்க உம்மா என்ட்ட சொல்லாம போயிட்டா. நான் தூங்கும்போது போயிட்டா. அன்னைக்கு நான் பால கொட்டிச் சேட்ட பண்ணுனேன்லா, அதான் போயிட்டா," என்றாள். அழவில்லை. பெயரையும் முகவரியையும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் அந்தப் பாடத்தை என்னால் நடத்த முடியவில்லை. பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே ராத்தா வீட்டுக்குப் போனேன். "பச்சப் பிள்ளட்ட எப்படிம்மா சொல்ல? அது தாங்குமா?" என்றார் ராத்தா.

"தான் பால கொட்டுனதாலதான் உம்மா போயிட்டான்னு நெனச்சிக்கிட்டு இருக்கா ராத்தா. அத மட்டும் தாங்குவாளா?"

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் தம்மாமுக்குப் போன் போட்டார். உன் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குப் போன்ல அதச் சொல்ல வாய் வராது. நீங்களே பையச் சொல்லுங்க. அவ இருந்தா மறைக்க விட்டிருக்க மாட்டா" என்று என்னிடம் சொன்னார். நீ அவரையும் கேட்டில் நிறுத்திப் பழக்கியிருக்கிறாய் போலும்.

சுமையா ராத்தாவின் மடியில் இருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டிவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"உம்மா வாப்பாட்ட போகலம்மா. உம்மாக்குக் காய்ச்சல் வந்துச்சுலா, அது ரொம்பக் கூடிப்போச்சு. டாக்டர் ஊசி போட்டும் கேக்கல. உம்மா மவுத்தாயிட்டா."

"செத்துப்போன பூனக்குட்டி மாதிரியா?"

"ஆமா."

"இனிமே வர மாட்டாளா?"

"வர மாட்டா."

"நான் சேட்ட பண்ணலன்னாலும்?"

"நீ சேட்ட பண்ணலன்னாலும். ஒன்னால இல்லம்மா. ஒன்னால இல்லவே இல்ல."

அவள் என்னை அடித்தாள். கையைக் கடித்தாள். அப்புறம் அழுதாள் பாரு, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ராத்தாவும் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். உன் சாவுக்குப் பிறகு பிள்ளையின் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். பாலத்தின் நடுவில் நின்று ஆற்றைப் பார்த்து உன்னைத் திட்டினேன். ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவள் பள்ளிக்கு வரவே இல்லை. விசாரித்தால், காய்ச்சல், சோறு தின்ன மாட்டேன் என்கிறாள் என்றார்கள். "சொன்னது தப்பாப் போச்சோம்மா?" என்று ராத்தா கேட்டார். உன் பேச்சைக் கேட்டுப் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அணிலையே காட்டியிருக்கலாம், ஏழெட்டு வயசில் தானாகத் தெரிந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இந்த நிமிஷம்கூட நிச்சயமாக எதையும் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்று காலை வந்தாள். மெலிந்திருந்தாள். ராத்தா கேட்டில் குனிந்து, "நான் போயிட்டு வாரேன். மணி அடிச்சதும் இங்கன நிப்பேன்" என்றார். சுமையா உரக்க அழுதாள், அழுதுகொண்டே தலையாட்டினாள். கைக்குட்டை குத்தியது அப்போதுதான்.

மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றாள். "மிஸ், நான் ஸ்கூலுக்கு வாரேன்னு உம்மாக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். என் சாமியும் உன் அல்லாவும் மன்னிக்கட்டும். "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"அப்ப நீங்க சொல்லிருங்க."

சொல்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பக்கத்துப் பையன் ரப்பரைக் கடித்துவிட்டானாம், அதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு 'அ' போட வரும், 'ஆ' போட வால் கோணுகிறது, அதையும் சொல்ல வேண்டும். போகத் திரும்பியவள் மறுபடி வந்து என் காதோரம் சொன்னாள்:

"உம்மா வர மாட்டான்னு எனக்குத் தெரியும் மிஸ். நான் இங்கனதான் இருக்கேன்னு மட்டும் சொல்லிருங்க."